முதல் ரவுட்டர் யாருக்கு

9.11.2008 ஞாயிறு
காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது பிரிண்டர் தானாக ஓடத் தொடங்கியது. நான் கை வைக்கவே இல்லை. வந்தது யாருடையதோ கல்யாண அழைப்பிதழ், சிங்களத்தில். கீழே கடைக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் கலந்தர் நானா சிரிக்கிறார். "மாறிப் பட்டன அமத்திட்டாங்க டீச்சர். தாங்க, குடுத்திடுறேன்."

எத்தனையாவது தடவை இது? மாத்தளையில் எங்கள் தெருவுக்கு இனிப் புது லைன் இல்லையாம். அதனால் மேல்மாடியில் குடியிருக்கும் என் பெயரிலுள்ள இன்டர்நெட் லைனையே போட்டோகொப்பி, ஈமெயில் என்று நானா நடத்தும் கொமியூனிகேசன் கடைக்கும் பகிர்ந்து கொடுத்தேன். நல்ல மனசு எனக்கு.

அவர்கள் தாள் மேலே வருமென்றால் என்னுடையது கீழே போகாதா? தம்பி ஜெயரட்ணம் வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருக்கிறான். அவனைத் தேடி எழுதிய கடிதங்கள், அவன் படம், எல்லாம் இதே கொம்பியூட்டரில். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிற ஒருத்தி, இந்த நாட்களில் அதையெல்லாம் கடையில் விரித்து வைக்கலாமா?

12.11.2008
நானாவின் மச்சான் லாபிர் கொம்பியூட்டர் திருத்துகிறவர். வந்து பார்த்தார். "இன்னொரு ரவுட்டர் போட்டா மேல வேற, கீழ வேற. நடுவுல சுவர் மாதிரி." ஞாயிற்றுக்கிழமை வருவாராம், இன்ஷா அல்லாஹ். எந்த ஞாயிறு என்று கேட்டிருக்க வேண்டும்.

23.11.2008 ஞாயிறு
வந்தார். வந்த லைன் முதலில் யாருடைய ரவுட்டருக்குப் போவது என்று ஒரு வழக்கு. லாபிர் கடையினுடையதை முன்னால் மாட்டப் போனார். நானா விடவில்லை. "டீச்சர் பேர்ல உள்ள லைன். அவங்களுக்கு முன்னால நாங்க நிக்கிறதா? டீச்சர் முதல், கடை பின்னால." லாபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மரியாதை தெரியாதா ஒனக்கு?"

கல்யாண வீட்டில் யாரை முதலில் சாப்பாட்டுக்கு இருத்துவது என்பதுபோல. உள்ளதைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

24.11.2008
பிரிண்டர் பேசாமல் இருக்கிறது. அப்பாடா.

29.11.2008 சனி
பரீட்சைத் தாள் போட்டோகொப்பி எடுக்கக் கீழே போனேன். சீகிரியாவுக்கு வெள்ளைக்காரரை ஏற்றிப்போகும் ஒரு த்ரீவீல்காரர் மூலைக் கொம்பியூட்டரில் இருந்தார். எதையோ மாறித் திறந்திருக்கிறார். திரையில் என் தம்பி, சிரித்துக்கொண்டு.

யார் இது என்று சிங்களத்தில் என்னிடமே கேட்கிறார். பழைய மாணவன் என்றேன். குரல் எங்கிருந்து வந்ததோ. மேலே ஓடி வந்து வயரைப் பிடுங்கினேன். கடைக்கும் சேர்த்து நின்றது. நிக்கட்டும். சுவராம் சுவர் — யாருக்குச் சுவர்?

30.11.2008 ஞாயிறு
லாபிர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கினார். அது ஒருபக்கச் சுவராம். பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரின் பொருளைத் திறக்கலாம். முன்னால் இருப்பவரால் பின்னால் உள்ளதைப் பார்க்க முடியாது. "அன்னைக்கே சொல்ல வந்தேன் டீச்சர். மச்சான் விடல்லயே."

அப்படியானால் என்னைப் பின்னால் போடுங்கள் என்றேன். நானாவுக்கு அது ஏறவே இல்லை. "உங்களப் போய் எங்களுக்குப் பின்னாலயா? பாக்கிறவங்க என்ன சொல்வாங்க?" வயர் என்ன ஊர்வலமா போகுது, பார்க்க? கத்திவிட்டேன். வகுப்பில்கூட இப்படிக் கத்தியதில்லை. கத்திய வேகத்தில் படத்தைப் பற்றியும் சொன்னேன். தம்பி என்றேன். எங்கே இருக்கிறான் என்றும் சொன்னேன்.

நானா தானே போய் ஏணியைக் கொண்டுவந்து, லைனைக் கீழே கடைக்குள் இறக்கினார். இப்போது கடை முதலில். அதற்குப் பின்னால் நான்.

10.2.2009 செவ்வாய்
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைக்குள் சிவில் உடுப்பில் பொலிஸ்காரர் இருவர். இங்கிருந்து யாரோ அனுப்பிய ஈமெயிலாம். லைன் சுசீலாதேவி பெயரிலாம், என் பெயரில். படியடியிலேயே நின்றுவிட்டேன்.

நானா என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டார். சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: பெயர் மட்டும்தான் அவங்களுடையது, லைன் வருவது என் கடைக்கு, வயரைப் பாருங்கள், எதுவென்றாலும் என்னிடம் கேளுங்கள். அவர்கள் வயரைப் பார்த்தார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேலே யாரும் வரவில்லை.

பொழுதுபடத் திரும்பி வந்தார். சேர்ட் கசங்கியிருந்தது. என்ன கேட்டார்கள் என்றேன். படியடியில் நின்று, "மேல நெட் வருதா டீச்சர்?" என்றார்.

வருகிறது என்றேன்.