ஆனியில் தூரம், மார்கழியில் பக்கம்

அன்புள்ள கோமதி அக்கா,

வைகாசி வெயிலில் மத்தியானம் வளையல் வாங்க ஆள் வருவதில்லை. கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதில் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது. உன் மகள் பவித்ரா மாடியில் தூங்குகிறாள். ஆமாம், நம் வீட்டில்தான். அது எப்படி நடந்தது என்று உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

நீ மார்கழியில் பிறந்தவள், நான் ஆனியில். பூமி சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது ஜனவரி தொடக்கத்தில், ரொம்ப விலகிப் போவது ஜூலை தொடக்கத்தில் என்று கல்லூரியில் படித்துவிட்டு வந்து சொன்னேன். அன்றிலிருந்து நான் உனக்குத் தூரத்துக்காரி.

"பக்கத்துல வந்தா மார்கழியில ஏன்ட்டி போர்வையைத் தேடுதோம்?" என்று மடக்கினாய். குளிரும் வெயிலும் தூரத்தால் வருவதில்லை, பூமி சாய்ந்தபடி சுற்றுவதால் வருகிறது என்றேன். நீ நம்பவில்லை. ஒரு கண்ணாடி வளையலைக் கல்லாப்பெட்டிமேல் வைத்து, உள்ளே ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டிக் காட்டினேன். புத்தகத்தில் முட்டை மாதிரி வரைவார்கள், ஆனால் நிஜப் பாதை கிட்டத்தட்ட இந்த வளையல்தான். சூரியன்தான் நடுவைவிட்டு ஒரு நூலளவு தள்ளி இருக்கிறது, அந்த நூலளவு அங்கே இருபத்தைந்து லட்சம் கிலோமீட்டர் என்றேன். நீ பொட்டை நகத்தால் பிய்த்துச் சரியாக நடுவில் ஒட்டினாய். "கோணலா ஒட்டிட்டு வியாக்கியானம் பேசுதா" என்றாய். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

போன வருஷம் நீ கண்ணை மூடியதிலிருந்து பவித்ரா விலகிவிட்டாள். கோயம்புத்தூரிலிருந்து தினமும் உன்னிடம் பேசியவள் எனக்குப் போன் செய்வதே இல்லை. நானாகப் பேசினாலும் "நல்லா இருக்கேன் சித்தி", அவ்வளவுதான். பூமி தூரத்தில் இருக்கும்போது மெதுவாகத்தான் நகரும், பக்கத்தில் வரும்போதுதான் வேகம் பிடிக்கும். மெதுவாகப் போகிறவளை விரட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் இது தலைப்பிரசவம். தாய்வீட்டில் பார்ப்பதுதானே முறை? தாய் இல்லாதவளுக்குத் தாய்வீடு எது? என் வீட்டுக்கு வா என்று கூப்பிட ஆசை. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் தாங்கமாட்டேன் என்று பயம்.

போன வாரம் வாசுதேவநல்லூரில் அவள் மாமியார் வீட்டில் வளைகாப்பு. வளையல் நான்தான் கொண்டுபோனேன். எல்லாரும் போட்டு முடித்தார்கள். பிறந்த வீட்டுக்காரர்கள் பெண்ணை அழைத்துப்போகிற நேரம் வந்தது. கூப்பிட வேண்டிய நான் காலி வளையல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாமியார் தங்கமான மனுஷி. "மதினி, உங்களுக்கும் கடை இருக்கு. இங்கனயே வச்சுப் பாத்துக்கிடுதோம்" என்றார்.

"எங்கன இருந்தாலும் பிள்ளை நல்லா இருந்தாச் சரி" என்று மட்டும் சொன்னேன்.

பவித்ரா தலைகுனிந்து வளையல்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "சித்தி, உங்க குரல் அப்படியே எங்கம்மா குரல். அதான் போன் பண்ணப் பயந்தேன். பேசி வச்ச பொறவு ஒரு வேலையும் ஓடாது" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப அந்தக் குரல் பக்கத்துலயே கேக்கணும் போல இருக்கு. நான் உங்ககூட வாரேன்" என்றாள்.

அக்கா, உன் குரல் என்னிடம் இருக்கிறது என்று நீ ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

இப்போது என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை. இட்லிக்கு மாவு ஊற்றினால்கூட "ஏதாவது பேசுங்க சித்தி" என்கிறாள். நானும் பேசுகிறேன், பேசுவதற்கு எனக்குச் சொல்லியா தரவேண்டும்? ஆனிக் கடைசியில் தேதி சொல்லியிருக்கிறார்கள். பூமி தூரத்தில் இருக்கிற நாட்கள்; இங்கே மேல்காற்று அடிக்கும், குற்றாலத்தில் சாரல் விழும். சூரியன் விலகியதால்தான் குளிர்ச்சி என்று நீ சாதிப்பாய். சாதித்துக்கொள், இந்த வருஷம் நான் மறுத்துப் பேசப் போவதில்லை.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். பிள்ளை பேசத் தொடங்கும்போது வெறும் 'ஆச்சி' என்று என்னைக் கூப்பிட விடமாட்டேன். அது அவள் அம்மாவைப் பெற்ற உனக்குரியது. உன் படத்தைக் காட்டி நான்தான் அந்தச் சொல்லைச் சொல்லித்தருவேன். பிள்ளை அதை உன் குரலிலேயே கேட்கும்.

உன் தங்கச்சி,
வரப்போகிற பிள்ளைக்குச் சின்ன ஆச்சி