ஜங்லி செடி

13 ஜனவரி 1979, சனி. கட்கி, புனே.

அப்பாவின் இருமலுக்காக மூன்று வருடமாக நான் வளர்த்த ஆடாதோடையை இன்று காலை அப்பாவே வேரோடு பிடுங்கி எறிந்தார். ஃபேக்டரியின் பெரிய சாஹிப் எங்கள் குவார்ட்டர்ஸைப் பார்வையிட வருகிறாராம். வாசலில் ‘ஜங்லி’ செடி, அதாவது காட்டுச் செடி, எதுவும் இருக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனான்.

“இது மருந்துப்பா. மே மாசம் ரோஜாவெல்லாம் காஞ்சப்பகூட நின்னுச்சு” என்றேன்.

“ரோஜா வச்சவனைத்தான் அவங்க மதிப்பாங்க. நீ சும்மா இருடா.”

சாஹிப்பின் ஜீப் எங்கள் வரிசைக்கு வரவே இல்லை. சாயங்காலம் சாஹிப் வீட்டுத் தோட்டக்காரன், மாலிதான் சைக்கிளில் வந்தான். “மாமா, உங்க வீட்ல அடுள்சா இருக்காமே? சாஹிப் பையனுக்கு இருமல். மேம்சாஹிப் கேட்டாங்க” என்றான் இந்தியில்.

அடுள்சா என்றால் ஆடாதோடைதான். காலையில் ஜங்லியாக இருந்தது, சாஹிப் மகன் இருமியதும் அதற்கொரு பெயர் வந்துவிட்டது.

அப்பா குப்பைமேட்டுக்கு ஓடினார். வாடிய இலைகளை ஒவ்வொன்றாகப் பறித்து, கழுவி, பேப்பரில் மடித்தார்.

“நமக்கு நாலு வைங்கப்பா.”

“சாஹிப் வீட்டுக்குப் போறதுல கை வைக்கிறியா?” என்று முறைத்தார். முழுவதையும் கொடுத்துவிட்டார்.

இருபது வருடம் ஃபேக்டரியில் பெயிண்ட் அடிக்கும் ஷாப்பில் மூச்சு விட்ட நெஞ்சு அப்பாவுடையது. இப்போது அடுத்த அறையில் இருமிக்கொண்டிருக்கிறார். அம்மா கஷாயத்துக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, இலை எங்கே என்று என்னைக் கேட்கிறாள்.