ஆந்தைப் பெட்டிக்கு வந்த சாமி

மார்ச் 3, திங்கள்
கொளுத்தும் வெயில். வேன் டயருக்குக் காற்று அடிக்க வேண்டும். (மறந்தேன்.)

வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த செம்பனைத் தோட்டத்தில் மரம் சாய்க்கும் மிஷின் இறங்கிவிட்டது. எங்கள் ஊர் கோலா சாவா பக்கமெல்லாம் இனி தாமான்தானாம், குடியிருப்பு வீடுகள். கடைசி வரிசை மட்டும் பாக்கி. அதன் நடுவே கம்பத்தின் உச்சியில் ஆந்தைப் பெட்டி. ஆந்தை எலி பிடிக்கட்டும் என்று தோட்ட நிர்வாகம் வைத்தது. தோட்டத்தில் இருந்த காலத்தில் அதற்கு நம்பர் எழுதியவன் நான். கோணல் எழுத்து, வேலை வாங்கும் மண்டோரிடம் திட்டு. இன்றும் கோணல்தான்.

உள்ளே குஞ்சுகள். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் ஒரு சீறல் வருமே, அந்தச் சத்தம். பறக்கச் சில வாரமாவது ஆகும். மிஷினோ இந்த வாரமே அங்கே வந்துவிடும்.

வீட்டுக்காரி சரசு: "போனா போகட்டும். வீட்டுக்குப் பின்னாடி உக்காந்து அலறுது."
உன் அம்மா போனில் பேசுவதைவிடக் குறைவாகத்தான் என்று சொல்லவில்லை. எழுதிக்கொள்கிறேன், அவ்வளவுதான் என் வீரம்.

மார்ச் 4, செவ்வாய்
வேன் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேரே நகராண்மைக் கழகம். பார்க்கிங் இல்லை. கவுண்டர் பெண் நல்ல பிள்ளை. கணினியைத் திருப்பி வரைபடம் காட்டினாள். பச்சையாக இருந்த இடம் பழுப்பு. பச்சை விவசாயம், பழுப்பு வீடு.

"அங்கிள், ஆந்தைப் பெட்டி தோட்டச் சாமான். இப்ப அது வீட்டு நிலம் லா. அங்க அப்படி ஒன்னு இருக்கவே கூடாது."
"ஆந்தைக்கு யாரும்மா சொல்றது?"
சிரித்தாள். வேறோர் இலாகாவின் நம்பர் கொடுத்தாள். அங்கே, நிலம் யாருடையதோ அவர்களைக் கேளுங்கள். அவர்கள், நகராண்மைக் கழகத்தைக் கேளுங்கள். பெட்ரோல் காலி.

மார்ச் 5, புதன்
மாலை மழை. மிஷின் ஓட்டும் தனபாலுக்குக் கடையில் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்துக் கெஞ்சல்.

"அண்ணே, பறவைக்காக மிஷின நிறுத்துனேன்னு சொன்னா மொதலாளி டௌக்கே என்னைய நிறுத்திருவாரு. சாமி கீமி இருந்தாலாவது சொல்லலாம். சூலத்த நான் தொட மாட்டேன். கம்பெனிக்காரங்களும் தொடச் சொல்ல மாட்டாங்க. பேசிப் பேசித்தான் நகத்துவாங்க, மாசக்கணக்கா ஆகும்."

மாசக்கணக்கு. அதுதானே எனக்கு வேண்டும்.

ஸ்டோரில் துருப்பிடித்த சூலம் ஒன்று. வேன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கல். மஞ்சள் துணி, சரசுவுடையது. பார்த்துவிட்டாள்.
"முருகா, இந்த மனுசனுக்கு எப்பத்தான் புத்தி வரும்?"


மார்ச் 6, வியாழன்
விடிவதற்குள் கம்பத்தடியில் சூலமும் கல்லும் நட்டாயிற்று. சாமிக்குப் பெயர் யோசிக்காமல் போனது தப்பு. பக்கத்து வீட்டு அம்பிகா அக்கா கேட்டதும் வாய் முந்திக்கொண்டது: "முனியாண்டி."
"எங்கப்பா கும்பிட்ட முனி இந்தப் பக்கந்தான் தம்பி இருந்திச்சி. திரும்பி வந்துட்டாரா?" அழுதேவிட்டார்.

தனபால் மிஷினை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்தே கும்பிட்டான். கல்லையா, என்னையா, தெரியாது.

மார்ச் 9, ஞாயிறு
வேன் கழுவவில்லை. கூட்டம். பக்கத்து ஊர் ரந்தாவிலிருந்துகூட. கம்பத்தைச் சுற்றிச் சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, மூட்டமாகச் சாம்பிராணி.

"அக்கா, மேல குஞ்சு இருக்கு. புகை வேணாமே."
"நல்லா இருக்கே. கண்டுபிடிச்சுச் சொன்னதும் நீ, சாம்பிராணி வேணாங்கறதும் நீ. சாமி குத்தம் ஆயிரும் தம்பி."

நான் வைத்த கல் என்று சொன்னால் நாளைக்கே மிஷின். சொல்லாவிட்டால் புகை. வாயை மூடிக்கொண்டு சுண்டல் தின்றேன். சுண்டல் நன்றாகத்தான் இருந்தது.

பொழுது சாய எலியோடு வந்தது தாய் ஆந்தை. விளக்கைப் பார்த்தது. சுற்றியது. இறங்காமல் போயிற்று. எல்லாரும் போய் விளக்கு அணைந்த பிறகே பெட்டிக்குள் நுழைந்தது.

மார்ச் 11, செவ்வாய்
இருமல். வீடு கட்டும் கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஒரே பேச்சில் முடிந்தது: சாலையோரம் சாமிக்கு இடம், கூரையோடு. மாசக்கணக்காவது ஒன்றாவது. உடனே கமிட்டி. தலைவர் நான். மறுத்தேன். அடக்கம் என்று கைதட்டினார்கள்.

கம்பத்தை மட்டும் கொஞ்ச நாள் விடச் சொல்லலாமே என்றேன். பொருளாளர் காதருகே வந்து, "தலைவரே, நெலம் கெடைக்கிற நேரத்துல ஆந்தையப் பேசிக் கெடுத்துடாதீங்க லா."
சாமியை இடம் மாற்ற வெள்ளிக்கிழமை நல்ல நாளாம்.

மார்ச் 14, வெள்ளி
வெயில். மேளம். கல்லை என் தலையில் ஏற்றினார்கள். சாமி சுமப்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் மிஷின் கிளம்பும் சத்தம். பிறகு கம்பம் முறியும் சத்தம். நடந்தேன். கண்ணீரைப் பார்த்து அருள் வந்துவிட்டது என்று அம்பிகா அக்கா திருநீறு பூசினார்.

மாலையில் தனபால் அட்டைப் பெட்டியோடு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டுதாண்ணே உசுரோட கெடச்சிச்சி."
சரசு எட்டிப் பார்த்தாள். கோழி ஈரலை நறுக்க உட்கார்ந்தாள். குஞ்சுகள் வாய் திறக்கவில்லை.

இருட்டும் நேரம் தாய் வந்தது. கம்பம் இருந்த இடத்தில், பெட்டி இருந்த உயரத்தில், வெறும் காற்றைச் சுற்றியது. வாயில் எலி. வேன் கூரைமேல் ஏறி, காலையில் கல் சுமந்த அதே தலைக்கு மேல் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். குஞ்சுகள் சீறின.

கை கடுக்கும்வரை நின்றேன். சுற்றிக்கொண்டேதான் இருந்தது, அங்கேயே.