கொடிக்கயிறும் எட்டு வால்வு சீலும்

மார்ச் 3, செவ்வாய்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் தெருவையே மறைத்த நீலப்புகைக்கு மாடி வீட்டுக்காரர்மேல் பழியைப் போட்டேன். "சருகு கொளுத்துறார்போல," என்று எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். மனுஷன் ஊரிலேயே இல்லையாம். வீட்டுச் சாவியை அந்த அம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மெக்கானிக் பார்த்தார். வால்வுத் தண்டுகளில் இருக்கும் ரப்பர் சீல் எட்டும் காய்ந்துவிட்டதாம். எண்ணெய் உள்ளே கசிந்து எரிகிறது. "மூணு வாரம் கழிச்சுக் கொண்டாங்க சார். இப்ப கை ஓயல."

மூன்று வாரமா! மனைவிக்கு மாற்றல் வந்திருக்கிறது, ஞாயிறு கிளம்பவேண்டும். அந்த ஊருக்கு மூன்று பஸ் மாறணும். நானே கொண்டுபோய் விடுவதாகவும், அப்புறம் சனிக்கிழமைதோறும் வருவதாகவும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"சீல நானே மாத்திடறேன்," என்று வீட்டில் அவளிடம் சொன்னேன்.

"போன வருஷம் நீங்க பிரிச்ச இஸ்திரிப்பெட்டி இன்னும் பையிலதாங்க இருக்கு."

மார்ச் 5, வியாழன்

வழி கிடைத்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியே சிலிண்டருக்குள் கயிற்றைத் திணித்து, பிஸ்டனை மேலே ஏற்றவேண்டும். சுருண்ட கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். சீலை மாற்ற ஸ்பிரிங்கை எடுத்தாலும் வால்வு உள்ளே விழாது. வீட்டில் இருந்த ஒரே கயிறு துணிக்கொடி. ஆணிக்கு ஆணி அளவெடுத்த மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். அவிழ்த்துவிட்டேன். ஈரத்துணியோடு வந்தவள் ஆணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மார்ச் 6, வெள்ளி

இரண்டு சீல் மாற்றினேன். அதற்குள் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் லாக் ஒன்று தெறித்துவிட்டது. நகத்துண்டு அளவுதான் இருக்கும். நாள் முழுக்கத் தேடினேன். மச்சான் வந்து பானெட்டுக்குள் எட்டிப்பார்த்தார். "மாமா, பேசாம மண்ணப் போட்டு ரோஜா வெச்சிடுங்க!"

சாயங்காலம் தலை சீவும்போது லாக் விழுந்தது. ஒன்றை மறைக்கும் அளவுக்கு எனக்கு முடி மிச்சமிருக்கிறது என்பதுதான் இன்றைய நல்ல செய்தி.

மார்ச் 8, ஞாயிறு

நாலு சீல்தான் முடிந்தது. அவள் பஸ்ஸில் போனாள்.

"சனிக்கிழம வருவீங்களா?"

"வருவேன்."

"வராட்டி முன்னாடியே சொல்லிடுங்க. வாசலப் பாத்துட்டு உக்கார முடியாது."

பெட்டியைக்கூட அவளே ஏற்றிக்கொண்டாள். என் கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதை முடித்திருக்கிறேன்? யோசித்துப் பார்த்தேன். யோசித்திருக்கக் கூடாது.

மார்ச் 11, புதன்

வீட்டில் திட்ட ஆளில்லை. சோறு இறங்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கடைசி சிலிண்டர். கயிறு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பம்பரில் காலை ஊன்றி இழுத்தேன். படக்கென்று வந்தது, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். நுனி பிய்ந்து பஞ்சாகியிருந்தது. போகட்டும், எட்டு சீலும் முடிந்தது! எல்லாவற்றையும் பூட்டி முடுக்கினேன். ஒரு திருகுகூட மிச்சமில்லை — என் சரித்திரத்தில் இதுதான் முதல்தடவை. பேட்டரி சார்ஜில் இருக்கிறது. காலையில் சாவியைத் திருகவேண்டியதுதான்.

போனில் அவளிடம் சொன்னேன்.

"நெசமாவா? அப்ப நாளைக்கு ரெண்டு பேருக்கு சமைக்கவா?"

"சமை," என்றேன். சிரித்தாள். போனதிலிருந்து இன்றுதான் சிரிக்கிறாள்.

நாளைக்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டையைத் துவைத்துவிட்டு, கொடியைத் திரும்பக் கட்டப்போனேன். அந்தப் பக்கத்து ஆணிக்கு ஒரு சாண் எட்டவில்லை. காரைத் திரும்பிப் பார்த்தேன்.