இருபத்தேழாவது வாக்குறுதி

காலையில் கட்சி ஆபீசிலிருந்து என் கைப்பேசிக்கு ஒரு கோப்பு வந்தது. போன தேர்தலுக்கு நான் எழுதிக்கொடுத்த அறிக்கை. கூடவே செயலாளரின் குரல் பதிவு: "சார், புதுசா ஒண்ணும் மெனக்கெட வேணாம். பழசயே வெச்சுக்கங்க. வருஷத்த மாத்துங்க, தலைவர் போட்டோவ மாத்துங்க, அங்கங்க கொஞ்சம் ஏத்தி எறக்குங்க, போதும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தள்ளிக்கொண்டே போனேன். மாநில அந்தஸ்து, மூடிய மில் திறப்பு, ரேஷன் கடை என்று புதுச்சேரியில் எந்தக் கட்சி அறிக்கையிலும் இருக்கிற சாமான்களெல்லாம் வரிசையாக இருந்தன. இருபத்தேழாவதில் விரல் நின்றுவிட்டது. "மீன் விற்கும் சகோதரிகளுக்காக மார்க்கெட்டில் நவீனக் கழிப்பறை கட்டித் தரப்படும்." நீ கேட்டது. நீ போய் பதினோரு மாதம் ஆகிறது. அந்த வரிக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே இருக்கிறது.

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. நெல்லித்தோப்பில் ஒரே சந்தில் வளர்ந்து, எட்டாவது வரை ஒரே வகுப்பில் படித்தவர்களுக்குள் கடிதம் எதற்கு? நீ எட்டாவதோடு நின்று உன் அம்மாவின் மீன் கூடையைத் தூக்கினாய். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன். நோட்டீஸ் அடிக்க வந்த கட்சிக்காரர்கள், இந்த ஆளுக்கு வாக்கியம் நன்றாக வருகிறது என்று கண்டுபிடித்து என்னை அறிக்கைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து நீ ஆட்கள் நடுவில் என்னை "சார்" என்பாய். யாரும் இல்லாதபோது பழையபடி "டா". எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது, ஆனால் முதலாவதற்குத்தான் நெஞ்சு நிமிர்ந்தது.

நீ அதைக் கேட்ட நாள் நினைவிருக்கிறது. தொகுதி மக்களின் கோரிக்கை என்று கையில் நோட்டுப் புத்தகத்தோடு உங்கள் சின்ன மார்க்கெட்டுக்கு வந்தேன். மதியம் ஒரு மணி வெயில். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாய். நீ குடிக்கவில்லை. நான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், அதையும் தள்ளிவிட்டாய்.

"விடிகால நாலு மணிக்கு தேங்காய்த்திட்டு ஹார்பருக்கு போறேன், ஏலம் எடுக்குறேன், இங்க வந்து ஒக்காந்தா மூணு மணிக்குதான் எந்திரிக்கிறேன். நடுவுல தண்ணி குடிச்சா போவணும். எங்கடா போறது? ஆம்பளைங்க செவுத்த பாத்து நின்னுக்கிறீங்க. நாங்க ஒதட்ட நனைச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோம்."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். நீயும் சிரித்தாய். இத்தனை வருஷம் அந்த மார்க்கெட்டில் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கியிருக்கிறேன், என் கண்ணுக்கு இது பட்டதே இல்லை. வீட்டுக்குப் போய் எழுதினேன். மனதாரத்தான் எழுதினேன், அதை நம்பு. அச்சாகி வந்த புத்தகத்தை உன்னிடம் கொண்டுவந்து கொடுத்தபோது, நீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வரியை எல்லாருக்கும் கேட்கும்படி எழுத்துக்கூட்டிப் படித்தாய். "அச்சுல வந்துடுச்சுடி, இனிமே மாத்த முடியாது" என்றாய்.

அந்த முறை நாங்கள் ஜெயித்தோம். மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை, நீயும் பொறுமையாக இருந்தாய். நான்காவது வருஷக் கடைசியில்தான் ஒருவழியாகப் பைல் நகர்ந்தது. இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்தார். மார்க்கெட்டின் பின்பக்கம் சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். நீ எனக்குப் போன் பண்ணி வரச் சொன்னாய். அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, "கதவுக்குத் தாப்பா உள்ள வெப்பாங்க இல்ல? சொல்லி வைடா. மறந்துடுவானுங்க" என்றாய். ஐம்பத்தெட்டு வயதுக்காரி நீ, முதல் தடவையாகத் தனி அறை கிடைத்த கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்பட்டாய். நான் கேலி பண்ணினேன். நீ என் முதுகில் ஒன்று வைத்தாய்.

இதுவரை எழுதியது உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதப் போவது தெரியாது. எத்தனையோ தடவை சொல்ல வந்து, மீன் விலை கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கோடு போட்ட அடுத்த வாரம் புல்வார் சாலைப் பக்கம் இருந்த கட்சி ஆபீசில் அறிக்கைக் குழு கூடியது. தேர்தல் நெருங்கிவிட்டது. "இந்தத் தொகுதியில பொம்பளைங்களுக்குன்னு சொல்றதுக்கு புதுசா என்னா இருக்குது?" என்று செயலாளர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"மார்க்கெட் டாய்லெட் இருக்குதே. இப்பவே கட்டி முடிச்சா ஓட்டு போடுற நேரத்துல அது பழங்கதை ஆயிடும். நாலு நாள்ல கொழா ஒடஞ்சுதுன்னா கெட்ட பேரு வேற. பைல கொஞ்சம் நிறுத்தி வைங்க. அறிக்கையில 'நவீன'ன்னு சேத்து பெருசா போடறேன். ஜெயிச்சு வந்ததும் மொத வேலையா கட்டிடலாம்."

யாரும் என்னை இதைச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் மிரட்டவில்லை. எனக்கு ஒரு பதவியும் இதில் இல்லை. நானே யோசித்து, நானே சொன்னேன். "சார் மூளையே மூள" என்று செயலாளர் மேஜையைத் தட்டினார். ஒரு போன்தான் போட்டார்கள், பைல் நின்றுவிட்டது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீட்டுக்குப் போகும் வழியில் அரைக் கிலோ ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போதும் என் முகம் எனக்கே பிடிக்கவில்லை.

நாங்கள் தோற்றோம். ஆட்சிக்கு வந்தவர்களிடம் உங்கள் மார்க்கெட் பெண்கள் மனு கொடுத்தபோது, "அது அவங்க அறிக்கையில போட்டதாச்சே, நாங்க கட்டுனா அவங்களுக்கில்ல பேரு போவும்" என்று அங்கே ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னாராம். நான் எழுதி வைத்ததாலேயே அது தீண்டக்கூடாத பொருளாகிவிட்டது. இதுவும் என் கைங்கரியம்தான்.

மழை வந்து சுண்ணாம்புக் கோடு அழிந்தது. "கோடெல்லாம் போட்டானுங்களே, என்னாடா ஆச்சு?" என்று நீ கேட்டாய். யூனியன் பிரதேசமான நம் ஊரில் எது நின்றாலும் பழி போட ஒரு வசதியான இடம் இருக்கிறது. "டெல்லில அனுமதி குடுக்கல. பைல் அங்க நிக்குது" என்றேன். நீ நம்பினாய். நான் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாய்? அதற்குப் பிறகு வந்த தேர்தலுக்கும் அதே வரியை வெட்டி ஒட்டினேன், அதிலும் தோற்றோம். இருபத்தேழாவது இடம் அதற்கே என்று ஆகிவிட்டது. அந்தத் தடவை நீ புத்தகத்தைப் படிக்கவில்லை, மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டாய்.

பிறகு உனக்கு நீர்க்கடுப்பு, காய்ச்சல், திரும்பத் திரும்ப. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். உனக்குச் சர்க்கரையும் இருந்தது, அதனாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த "அதனாலும்" என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்த அன்று நீ நர்சைக் கூப்பிட்டாய். "சிஸ்டர், எங்க சாரு. கட்சில எங்களுக்காக எழுதுறவரு. எங்களுக்குன்னு கேக்கறதுக்கு இவரு ஒருத்தருதான்" என்றாய். அந்த நர்ஸ் எனக்கு நாற்காலி போட்டாள். நான் உட்கார்ந்தேன். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. நீ போன பிறகு உனக்காக வைத்த பூசைக்கு மாதா கோயில்வரை வந்து, உள்ளே வராமல் வெளியிலேயே நின்றுவிட்டுப் போனேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சேதராப்பட்டுக் கம்பெனிக்குப் போகும் உன் மகள் ஞாயிறு மட்டும் உன் இடத்தில் உட்காருகிறாள். காலையில் அந்தக் கோப்பை மூடிவிட்டு நேராக அவளிடம் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், செயலாளர் மேஜையைத் தட்டியது வரை. அவள் மீன் ஆய்வதை நிறுத்தவில்லை. ஒரு கெளுத்தியை முடித்து, இன்னொன்றை எடுத்து, அதையும் முடித்தாள்.

"சாவுற வரைக்கும் டெல்லிக்காரன சபிச்சிக்கிட்டே கெடந்துச்சு மாமா அது. தண்ணி கேக்கும், குடுத்தா ஒரு வாயி குடிக்கும், ஒடனே அவனுங்கள திட்டும். அவனுங்க புள்ளைங்க நல்லா இருக்காதுன்னு கூட சொல்லிடுச்சு. அப்புறம் பாவம்னு ஜெபம் பண்ணுச்சு."

இந்தத் தடவை எப்படியாவது செய்து தருகிறேன், அறிக்கையில் முதல் வாக்குறுதியாகவே போடுகிறேன் என்று உளறினேன்.

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம் மாமா. இந்த வாட்டி எழுதாதீங்க. நீங்க எழுதாம வுட்டாதான் எங்களுக்கு வரும்."

வீட்டுக்கு வந்து இருபத்தேழாவதை அழித்தேன். செயலாளருக்கு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நகராட்சிக்கு மனு எழுதினேன். பைல் நின்றது எப்படி, யார் சொல்லி நின்றது என்பதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். இருபது வருஷமாக இந்த ஊருக்கு எத்தனையோ வாக்கியம் எழுதியிருக்கிறேன், என் பெயர் போட்டு எழுதியது இது ஒன்றுதான். நாளைக் காலையில் கொண்டுபோய்க் கொடுப்பேன். கட்டுவார்களா என்று தெரியவில்லை. கட்டினாலும் நீ வரப் போவதில்லை.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நீ இருந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு மன்னித்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம். படுக்கையில் கிடந்து நீ விட்ட சாபமெல்லாம் முகம் தெரியாத யாருக்கோ போய்க்கொண்டிருந்தது. அத்தனையும் எனக்கு உரியது. இன்று உன் மகளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். என்னிடமே இருக்கட்டும்.