அக்கா எழுதாத வரி

ஜூன் 3
வேற்றுமொழிப் படங்களுக்குச் சப்டைட்டில் எழுதுவது அக்காவின் வேலை. ஒவ்வொரு வரியும் மறைவதற்குள் நான் படித்து முடித்துவிட்டால் அது தேறிவிட்டது என்று கணக்கு. “நீ சராசரி வாசகி, அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன்” என்றாள். பள்ளி நூலகத்தில் இரண்டு அலமாரியைப் படித்தே காலி செய்தவளைப் பார்த்து!

புதுப் படத்தில் மூன்று சகோதரிகள், ஒரு பெரிய வீடு. யாரும் யாரையும் தொடுவதில்லை.

ஜூன் 4
நடுத் தங்கைக்கு உடம்பு சரியில்லை. மூத்தவள் கைக்குட்டை மடிக்கிறாள்.

ஜூன் 6
இன்று அந்தக் காட்சி. தங்கை கையை நீட்டி, “கொஞ்ச நேரம் என்னைப் பிடிச்சுக்கோ” என்கிறாள். மூத்தவள் பதினொரு விநாடி ஜன்னலையே பார்க்கிறாள்.

“ஏன்க்கா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறா?”

“சொல்லல. நமக்கு ஒரு வரி மிச்சம்.”

அக்கா கடைசியாக என்னைத் தொட்டது எப்போது? போன வாரம். திரையை மறைக்கிறேன் என்று தலையைப் பிடித்து நகர்த்தினாள். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஜூன் 7
அக்கா குளிக்கப் போனாள். அந்தப் பதினொரு விநாடிக்கு நானே ஒரு வரி தட்டினேன்: ‘பயப்படாதே, நான் இருக்கிறேன்.’ எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அழகாக இருந்தது. அழிப்பதற்குள் அம்மா கூப்பிட்டாள். பிறகு பள்ளிக்கூடம். பிறகு மறந்தே போனேன்.

ஜூன் 8
அக்கா காலையிலேயே சப்டைட்டில் கோப்பைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாளாம். ஐயோ. சொன்னா என்கிட்ட பேசவே மாட்டா. சொல்லலைன்னா அவ வேலை போயிடும். இப்ப மட்டும் ரொம்பப் பேசறாளாக்கும்?

ஜூன் 9
சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை, அது இன்னும் மோசம். கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, “தப்பு என்னோடது சார், நான் சரிபார்க்கல” என்றாள். என் பேச்சையே எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னிடம் திரும்பினாள்.

“அவ வாயே திறக்கல. நீயா அவ வாயில வார்த்தையப் போடுவியா?”

“தங்கச்சி பாவம்க்கா.”

“பாவம்தான்.” நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, “மூத்தவளுக்கு அதெல்லாம் வராது. சில பேருக்கு வராது” என்றாள்.

திரையைப் பார்த்துத்தான் சொன்னாள். திரை அணைந்திருந்தது.

ஜூன் 10
திருத்திய கோப்பை வாங்கிக்கொண்டார்கள். வேலை தப்பியது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை.

ஜூன் 13
இன்று கூப்பிட்டாள். புதுப் படம், நகைச்சுவை. எப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் படிப்பேன். இன்று பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது.

“சாஞ்சுக்கணும்னா சாஞ்சுக்கோ. கண்ணு மட்டும் திரையில இருக்கட்டும்.”

சாய்ந்துகொண்டேன். தோள் எலும்பு குத்தியது, நகரவில்லை. மூன்று வரிகளைக் கோட்டைவிட்டேன். அக்கா ஒன்றும் கேட்காமல், மூன்றையும் சுருக்கி எழுதினாள்.