கொழுந்தன் காரும் மாமியார் காரும்

இன்று பிற்பகல் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மேலே வளைவில் ஒரு கார் நின்று, பின்னுக்குப் போய், மறுபடி முன்னுக்கு வரும் சத்தம் கேட்டது. முறத்தைப் போட்டுவிட்டு, "மாமியா வந்துட்டா, ஓடியா புள்ள!" என்று கத்திவிட்டேன். நீ செத்துப்போய் எத்தனையோ வருஷம். வாய்க்கு அது தெரிந்தால்தானே.

வெள்ளைக்காரத் துரைமார் இன்னும் போகாத காலம். நம் தோட்டத்தில் இரண்டே கார்கள். சின்ன துரையுடையது கூரையில்லாத சிவப்புக் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம். பந்தயத்தில் ஓடிய பழைய வண்டி என்பார்கள். அது தூரத்தில் நமுனுகுல மலைப் பக்கம் புறப்பட்டாலே நமக்குக் கேட்கும். பெரிய துரையின் கறுப்புக் காரில் குடும்பமே ஏறலாம். ஓசைப்படாமல் வந்து தேயிலை ஓரத்தில் நிற்கும். இரண்டுக்கும் பேர் வைத்தவள் பக்கத்து நெரையில் நின்ற நீ.

"கொழுந்தன் வாசல்லயே சத்தம் போட்டுக்கிட்டு வருவான். மாமியா முதுகுக்குப் பின்னால வந்து நின்ன பொறகுதான் தெரியும்."

உன் மாமியாரும் அப்போது பக்கத்தில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். உனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சமா?

எந்தக் கார் அழகு, எது விலை கூடினது என்று ஆம்பிளைகள் பேசுவார்கள். எது சொல்லிக்கொண்டு வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. குறைமாதத்தில் பிறந்த உன் மகன், கைப்பிள்ளைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவில் ஆயா கரைத்துக் கொடுத்த மாப்பாலைத் துப்பிவிடுவான். உன் பால் இல்லையென்றால் அவன் இல்லை. அதனால் வேலைக்கு நடுவே நழுவி ஓடுவாய். கங்காணி நல்ல மனுஷன், வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். நான் உன் நெரைச் செடிகளிலும் சேர்த்துப் பறித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். சிவப்புக் கார் உறுமினால் ஒரு குரல் கொடுப்பேன். அது வருவதற்குள் நீ கூடையோடு நிற்பாய்.

சின்ன துரை மாற்றலாகிப் போனார், காரும் போனது. வேலையைப் பார்க்கப் பெரிய துரையே வரத் தொடங்கினார்; மறுநாளே கறுப்புக் காரிடம் அகப்பட்டாய். அரைநாள் சம்பளம் போயிற்று. இன்னொரு முறை என்றால் தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவேன் என்றார் துரை. நீ அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "காரு நல்லாத்தான் இருக்கு, என் புள்ளைக்குத்தான் ஆகல" என்றாய்.

இரண்டொரு நாளில் சிரித்துக்கொண்டு வந்தாய்.

"மாமியாவுக்கும் இடுப்புப் பிடிப்பு இருக்கு புள்ள! வளைவுல பாரு, கொழுந்தன் மாதிரி ஒரே தடவையில திரும்ப முடியாது. நின்னு, பின்னுக்குப் போயி, பொறகுதான் வரும்."

சரளைக்கல் நொறுங்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லு, போதும் என்றாய். போதுமாகத்தான் இருந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டான்.

இன்று காரிலிருந்து இறங்கியவன் அவன்தான். பதுளையில் வாடகைக் கார் ஓட்டுகிறான், தலை நரைத்துவிட்டது. மகள் கல்யாணத்துக்குச் சொல்ல வந்தான். எனக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். காது மட்டும் இன்னும் உனக்காகத்தான் காவல் நிற்கிறது.

"யாரைப் பெரியம்மா ஓடி வரச் சொன்னீங்க?" என்று கேட்டான்.

"உங்கம்மாவைத்தான்டா. உனக்குப் பால் குடுக்கப் போனா, இன்னும் வரல."